பிரதாப முதலியாருக்காக ஒரு வக்காலத்து

தமிழில் வெளிவந்த முதல் நாவல் எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்துச் சிறுவன்கூடத் தயங்காமல் பதில் சொல்லிவிடுவான். மாயூரத்தில் ஜில்லா முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி, 1879-ஆம் வருஷத்தில் அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்பான். அந்த நாவலின் கதாநாயகர் யார் என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சிறுவன் புத்தகத்தின் மேலட்டையைக் காட்டுவான். புத்தகத்தை உண்மையாகவே படித்த பெரியவர்களோ சிரிப்பார்கள். "பிரதாப முதலியாராவது, நாயகராவது! புத்தகம் முழுவதும் ஞானாம்பாளின் ராஜ்யமல்லவா?" என்பார்கள்.

நாமும் வெகுகாலமாக ஞானாம்பாள் கட்சியைச் சேர்ந்தவர்களாகவே இருந்தோம். இப்போது கட்சி மாறிவிட்டோம். கட்சி மாறுகிறவர்களைப் பற்றி உலகம் பலவிதமாகப் பேசும் என்பது நமக்குத் தெரியும். ஆகையால், மாறிய காரணத்தையும் மாறிய இடத்தையும் வாசகர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே மரியாதை. மாறிய இடம் நாசரேத்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் ரயிலில் ஏறினால், தாமிரபருணியின் கருணை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதை ஜன்னல் வழியாகவே அளந்துவிடலாம். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரையில் வயலும் வாழையுந்தான். அதற்கப்பால் பசுமை மெல்ல மெல்லக் குறைந்து, பனைமரங்கள் அணிவகுத்து நிற்கத் தொடங்குகின்றன. மண்ணும் சிவந்துவிடுகிறது. அந்த எல்லையிலே இருக்கிறது நாசரேத். ஆதியில் சாண்பத்து என்று வழங்கிய ஊர். 1876-இல் இங்கே வந்து, 1908-இல் காலமாகும் வரையில் இந்த ஊரே தம் ஊர் என்று இருந்துவிட்ட மர்காஷிஸ் ஐயரின் பெயரை இன்றைக்கும் பள்ளிக்கூடமும் கல்லூரியும் தாங்கி நிற்கின்றன. அவர் வந்த வருஷம் தாது வருஷப் பஞ்சத்தின் வருஷம். அதே பஞ்சத்தில்தான் மாயூரத்திலே வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். அந்தத் தர்மத்தைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் பாட்டுப் பாடினார். ஒரே பசி வடக்கே ஒரு முன்சீபையும் தெற்கே ஒரு பாதிரியாரையும் ஒரே சமயத்தில் எழுப்பியிருக்கிறது.

நாம் போனது ஊர் பார்ப்பதற்காக அல்ல. நம்முடைய நெடுநாளைய சிநேகிதர் ஒருவர் அந்த ஊர்க்காரர். தூத்துக்குடிக் கோர்ட்டுகளில் தொழில் நடத்தும் வக்கீல். அவருடைய தாயார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஊரில் எல்லாருக்கும் அவர் 'டீச்சரம்மா'. வீட்டில் கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒருத்தி. அவளுக்குப் பரீட்சைக்குப் பாடமாக வந்திருந்தது பிரதாப முதலியார் சரித்திரம். கருப்பட்டிக் காப்பியும் முந்திரிக்கொத்தும் வந்து சேர்ந்த சமயத்தில், 'கதாநாயகர் யார்?' என்ற கேள்வியும் கூடவே வந்து சேர்ந்தது. பரீட்சையில் கேட்பார்களாம்.

கதையை மறந்துவிட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. சத்தியபுரி என்னும் ஊரில் பெரிய செல்வர் வீட்டில் பிறந்த பிள்ளை பிரதாபன். பாட்டியார் கொடுத்த செல்லத்தினால், பணக்காரனுக்குப் படிப்பு எதற்கு என்று வாதாடுகிற அளவுக்குப் புத்திசாலியாக வளர்கிறான். தாயார் சுந்தரத்தண்ணிதான் அவனைத் திருத்துகிறாள். மாமன் மகள் ஞானாம்பாள் அழகிலும் அறிவிலும் ஒப்பற்றவள். இரண்டு வீட்டுத் தகப்பன்மாருக்கும் உண்டான பிணக்கினால் கலியாணம் தடைப்பட்டு, பல சங்கடங்களுக்குப் பிறகு நிறைவேறுகிறது. பின்னால் வேட்டைக்குப் போன இடத்தில் பிரதாபன் வழி தப்பி, விக்கிரமபுரி என்னும் அந்நிய ஊரில் சிறையில் அகப்பட்டுக்கொள்கிறான். அவனைத் தேடி ஆண் வேஷத்தோடு புறப்பட்ட ஞானாம்பாளுக்கு, அரசனை இழந்து நின்ற அந்த ஊரின் பட்டத்து யானை மாலை போட்டுவிடுகிறது. அவள் ராஜாவாகிறாள், புருஷனைச் சிறையிலிருந்து மீட்கிறாள், ராஜ்யத்தையும் சீர்ப்படுத்துகிறாள்.

இதைக் கேட்டவர்கள் எவரும் ஞானாம்பாள் கட்சியில் சேராமல் இருக்க முடியாது. மீட்டவள் அவள்; மீட்கப்பட்டவன் இவன். ஆண்டவள் அவள், அகப்பட்டுக்கொண்டவன் இவன். வக்கீல் சிநேகிதர் இதை வெகு உற்சாகமாக எடுத்துரைத்தார். "தலைப்பே தப்பு. 'ஞானாம்பாள் சரித்திரம்' என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும். இந்த மனுஷன் வெறும் குமாஸ்தா. அவள் செய்ததைக் குறிப்பெடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறான்" என்றார். குமாஸ்தா என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரலில் ஏதோ ஒரு கடுப்பு இருந்ததை நாம் கவனித்தோம். அப்போது அதன் காரணம் நமக்கு விளங்கவில்லை.

நாமும் நம் பங்குக்கு ஒத்து ஊதினோம். தலைப்பைப் பற்றி ஒரு வேடிக்கையையும் எடுத்துக் காட்டினோம். ராஜமையர் 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் எழுதிய இரண்டாவது பேர்போன நாவலுக்குக் கமலாம்பாள் சரித்திரம் என்று பெயர். ஆனால் அங்கே நம் மனத்தைப் பறித்துக்கொண்டு போகிறவர் அவளுடைய கணவர் முத்துசுவாமி ஐயர். பெண் பெயர் வைத்த புத்தகத்தில் ஆணும், ஆண் பெயர் வைத்த புத்தகத்தில் பெண்ணும் ஆட்சி செய்கிறார்கள். நம்முடைய முதல் இரண்டு நாவல்களும் பெயர்ப் பலகைகளைத் தெரியாமல் மாற்றி மாட்டிக்கொண்டு விட்டன போலும் என்றோம். இதைச் சொல்லிவிட்டு நாமே சிரித்துக்கொண்டோம்.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. "ஏட்டி, அந்தக் கண்ணாடியை எடு" என்று பேத்தியிடம் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களைப் புரட்டினார்.

"தம்பி, பிரதாபனுக்குப் பாடம் வராவிட்டால் அடி யாருக்கு விழுந்தது?"

"வாத்தியார் மகன் கனகசபைக்கு."

"ஆமாம். பணக்காரப் பிள்ளையின் முதுகுக்குப் பதிலாக ஏழைப் பிள்ளையின் முதுகு. இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புத்தகத்தில் இருக்கிறதே."

"புத்தகத்தில் யார் சொல்கிறார்கள்?"

நாம் சற்று விழித்தோம். பிரதாபன்தான் சொல்கிறான். வேறு யாரும் அங்கே வாய் திறப்பதில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் 'நான்' என்று பேசுகிறவன் அவன் ஒருவனே.

"நான் முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தப்புச் செய்த பிள்ளைகள் எத்தனையோ ஆயிரம். 'எனக்கு விழ வேண்டிய அடி அவனுக்கு விழுந்தது' என்று தானாக வந்து சொன்ன பிள்ளைகளை இந்த விரல்களால் எண்ணிவிடலாம். உங்களுக்கு இவன் மடையனாகத் தெரிவது, இவன் தன்னை மடையன் என்று சொன்னதனால் அல்லவா? சொல்லாமல் மறைத்திருந்தால் என்ன செய்வீர்கள்? ஞானாம்பாள் கெட்டிக்காரி என்று சொல்கிறீர்கள். அதையும் இவன் வாயால் கேட்டுத்தானே சொல்கிறீர்கள்?"

சில சமயங்களில் பத்துப் புத்தகங்கள் படித்தும் தோன்றாத ஒரு விஷயம், மூக்குக் கண்ணாடியோடு ஒரு கிழவி கேட்கும் கேள்வியில் விளங்கிவிடுகிறது. இந்த நாவலில் இரண்டு பிரதாபர்கள் இருக்கிறார்கள். ஒருவன் காரியங்களைச் செய்கிற பிரதாபன்: செல்லப் பிள்ளை, அவசரக்காரன், காட்டில் வழி தப்புகிறவன். மற்றவர் வெகுநாள் கழித்து உட்கார்ந்து அவற்றையெல்லாம் எழுதுகிற பிரதாப முதலியார். முன்னவன் கதாநாயகனாக இருக்க லாயக்கில்லாதவன் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அவன் லாயக்கில்லாதவன் என்று நமக்குக் காட்டிக்கொடுக்கிறவரே பின்னவர்தான். அவனிலிருந்து இவர் எப்படி உண்டானார்? வெட்கமில்லாமல் தன் வெட்கத்தைச் சொல்லவும், சிரித்துக்கொண்டே சொல்லவும், மனைவியின் பெருமையைத் தன் சிறுமைக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லவும் எங்கே கற்றார்? நாவலின் உண்மையான பிரயாணம் சத்தியபுரியிலிருந்து விக்கிரமபுரிக்கு அல்ல. முதல் பிரதாபனிடமிருந்து இரண்டாம் பிரதாபரிடத்துக்கு.

ஞானாம்பாளைக் குறைத்துச் சொல்வதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். அவளுக்கு ஒரே ஒரு குறை உண்டு, அது குறையில்லாமை. சிறு பெண்ணாக வரும்போதே அவள் பூரண ஞானி. சிம்மாசனத்தில் ஏறும்போதும் அதே ஞானி. இறங்கும்போதும் அதே ஞானி. நடுநடுவே வேதநாயகம் பிள்ளை தமக்கு நெடுநாளாகச் சொல்ல ஆசையாக இருந்த பிரசங்கங்களைக் கதைக்குள் நுழைத்து, பக்கம் பக்கமாகப் பேச வைத்துவிடுகிறார். தமிழ்நாட்டு நியாயஸ்தலங்களில் தமிழ் வழங்காத அநியாயத்தைப் பற்றி அந்தப் புத்தகத்தில் வரும் வாதம் இன்றைக்கும் படிக்கத் தக்கது. ஆனாலும் கதை அங்கே சற்று நேரம் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறது என்பதை மறுக்க முடியாது. ஞானாம்பாள் சுவரில் மாட்டிய படம். படத்தைப் பார்த்துக் கும்பிடலாம். அந்தப் படத்துக்கு எதிரே நின்று கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறவன் ஒருவன் இருக்கிறானே, அவனைத்தான் கதை என்று சொல்ல வேண்டும்.

மேல்நாட்டு நாவல்களிலும் இந்தச் சங்கடம் உண்டு. டிக்கன்ஸ் 1849-50-இல் எழுதிய 'டேவிட் காபர்பீல்டு' நாவலில், தன் வாழ்க்கைக்குத் தானே நாயகனா, அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடுமா என்ற சந்தேகத்தோடுதான் டேவிட் கதையைத் தொடங்குகிறான். ஷெர்லாக் ஹோம்ஸின் பெருமையை உலகத்துக்குச் சொன்ன டாக்டர் வாட்ஸன் பிறந்தது 1887-இல். நம் பிரதாப முதலியாருக்கு எட்டு வயது இளையவர். ஆனால், வாட்ஸனுக்கு ஹோம்ஸைப் புகழ்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. சிநேகிதனைப் புகழ்ந்தால் சிநேகிதத்துக்குத்தான் கௌரவம். 1879-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டில், நிலமும் நீச்சும் படைத்த ஒரு முதலியார், 'என்னைவிட என் சம்சாரம் கெட்டிக்காரி. அவள் இல்லாவிட்டால் நான் சிறையிலேயே கிடந்திருப்பேன்' என்று அச்சுப் போட்டு ஊருக்கு விநியோகித்தால் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர்கள் என்ன பேசியிருப்பார்கள்!

வக்கீல் சிநேகிதர் இவ்வளவு நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, தொழில் புத்தி போகுமா, அவரே எதிர்க்கட்சிக்கு ஓர் ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்துவிட்டது, விதி போகவில்லை. இறந்துபோன ஒருவன் உயிரோடிருந்தபோது சொன்னதைச் சாதாரணமாகக் கோர்ட்டில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால், தன் பணத்துக்கோ சொத்துக்கோ விரோதமாக அவன் ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். தனக்கு நஷ்டம் வரும்படி எவனும் வலியப் பொய் சொல்ல மாட்டான் என்பதுதான் அதற்கு ஆதாரம்."

இதைக் கேட்டவுடன் நமக்கு வேதநாயகம் பிள்ளையின் ஞாபகம் வந்தது. அவர் உத்தியோகத்தை விட்டது அதே 1872-இல். அதற்கு முன் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் என்று பல வருஷம் முன்சீப் நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை ஆயிரம் சாட்சிகள் தங்கள் தங்கள் பக்கமாகக் கதை திரிப்பதைக் கேட்டிருப்பார்! இங்கிலீஷில் இருந்த மேல் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டவர் அவர். மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கும் என்பதை அவரைவிட அறிந்தவர் அக்காலத்தில் குறைவு. அப்படிப்பட்டவர் ஒரு கதை எழுத உட்கார்ந்தபோது, எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்த்துச் சொல்கிற ஆசிரியராகத் தாமே பேசியிருக்கலாம். ஞானாம்பாளையே பேச வைத்திருக்கலாம். ஆனால், தன்னைப் புகழ்ந்துகொள்ளும் ஞானாம்பாளை யார் நம்புவார்கள்? அவர் தேர்ந்தெடுத்த சாட்சி, தன் கட்சிக்கு விரோதமாகச் சாட்சி சொல்கிறவன். 'நீதிநூ'லும் 'பெண்மதி மாலை'யும் பாடி, பெண்களைப் படிக்க வையுங்கள் என்று ஊருக்குச் சொன்னவர்தாம் அவர். உபதேசம் செய்தால் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள், ஒரு புருஷனே கூண்டில் ஏறி ஒப்புக்கொண்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று அந்த முன்சீபுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இவ்விடத்தில் பேத்தி ஓர் ஆட்சேபணை எழுப்பினாள். பரீட்சைக்குப் படிக்கிறவர்களைக் குறைவாக எண்ணக் கூடாது.

"எல்லாம் சரி, ஆச்சி. பெண்டாட்டியைப் புகழ்ந்து சொன்னதற்காகப் புருஷனுக்கு மாலை போடுகிறீர்கள். அவள் ராஜ்யம் ஆண்டதற்கு மாலை போட ஒரு யானைதான் வந்தது. கடைசியில் நாயகர் பட்டம் மறுபடியும் ஆணுக்கே போய்விட்டதே!"

நாம் திகைத்துப் போனோம். இதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. சொல்லிவிட்டதாக இப்போதும் நாம் பாவனை செய்யப் போவதில்லை. பெண் தன் கதையைத் தானே சொல்லக் கூடாதா என்பதே அவள் கேள்வி. அதற்கும் இந்தத் தாமிரபருணிக் கரையிலேயே ஒரு பதில் முயற்சி நடந்திருக்கிறது. நாசரேத்திலிருந்து அதிக தூரமில்லை. ஆற்றுக்கு அக்கரையில், திருக்குளந்தை என்று ஆழ்வார் பாடிய பெருங்குளம். அங்கே 1872-இல் பிறந்த அ. மாதவையா உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதினார். 'பத்மாவதி சரித்திரம்' எல்லாரும் அறிந்தது. அதற்கும் முன்னால், இருபது வயதில், 'சாவித்திரி சரித்திரம்' என்ற ஒரு கதையை 1892-இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடங்கினார். அது பாதியில் நின்றுபோய், 1903-இல் 'முத்துமீனாக்ஷி' என்ற புத்தகமாக வெளிவந்தது. பால்யத்தில் விவாகமாகி, விதவையாகி, மறுமணம் செய்துகொள்ளும் ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே 'நான்' என்று சொல்லுகிற நாவல் அது. புகழ்வதற்கு இடையில் ஒரு புருஷன் இல்லை. பட்டது அவள், சொல்வதும் அவள்.

"எழுதினது?" என்றாள் பேத்தி.

"மாதவையா" என்றோம்.

அவள் சிரித்தாள். நாமும் தோல்வியை ஒப்புக்கொண்டோம். கற்பனைப் பெண்ணின் கையில் பேனாவைக் கொடுக்க ஓர் ஆண் முன்வந்ததே அக்காலத்துக்குப் பெரிய காரியம். உண்மைப் பெண்ணின் கைக்கு அந்தப் பேனா வந்து, வை.மு. கோதைநாயகி அம்மாள் போன்றவர்கள் ஊரெல்லாம் படிக்கும்படி நாவல் எழுதியதெல்லாம் பிற்பாடு. (மாதவையா 1925-இல், சென்னை ஸெனட் மண்டபத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழ் கட்டாயமாக வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உயிர் நீத்தார். கோர்ட்டில் தமிழ் வேண்டும் என்ற முன்சீபுக்கு ஏற்ற வாரிசுதான்.)

டீச்சரம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பேத்தியின் கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. வேறு எதையோ சொல்லத் தொடங்கினார்.

"உன் தாத்தாவுக்குக் கருப்பட்டி மண்டி இருந்தது உனக்குத் தெரியும். ஒரு வருஷம் அடைமழை. அடுக்கி வைத்திருந்த சரக்கெல்லாம் ஈரம் கண்டு இளகிவிட்டது. உன் அப்பா அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தான். தாத்தா என்னிடம் சொல்லாமல் என் நகையை எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போக நான் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம், ராத்திரி தையல். நாலு வருஷம். நகையும் வந்தது, படிப்பும் முடிந்தது."

வக்கீல் சிநேகிதர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

"இவன் கவுன் போட்ட அன்றைக்கு வீட்டில் விருந்து. பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். 'மண்டி நொடித்த காலத்திலும் மகனை வக்கீலாக்கினாரே, மனுஷன் என்றால் இவர் அல்லவா மனுஷன்!' என்று பேசினார்கள். தாத்தா எழுந்து நின்றார்கள். 'நான் ஒன்றும் ஆக்கவில்லை. நான் இவள் நகையைத் திருட்டுத்தனமாக அடகு வைத்தவன். மீட்டதும் இவள், பணம் கட்டினதும் இவள்' என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை, தம்பி. ஒருவர், 'வீட்டில் எழுதிக் கொடுத்ததை நன்றாக ஒப்பிக்கிறீரே!' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு வைத்த பெயர்தான் 'டீச்சரம்மா குமாஸ்தா'. சாகும் மட்டும் போகவில்லை. தாத்தாவும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 'சம்பளம் ஒழுங்காக வருகிறது, நமக்கென்ன?' என்பார்கள்."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. தூரத்தில் தூய யோவான் ஆலயத்தின் மணி அடித்தது.

"பாடுபட்டது நான்தான். அதில் எனக்கு ஒன்றும் சந்தேகம் இல்லை" என்று டீச்சரம்மா மறுபடியும் சொன்னார். "ஆனால் பாடுபடுகிறது எங்களுக்குப் பழக்கம். இந்த ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு பொம்பளை இப்படிப் பாடுபட்டிருப்பாள். எழுந்து நின்று சொன்ன ஆம்பளையை நான் ஒருவரைத்தான் பார்த்தேன். அதனால்தான் இந்தப் பிரதாப முதலியாரை யாரும் இளப்பமாகப் பேசினால் எனக்குப் பொறுக்கவில்லை. பரீட்சையில் நீ உன் இஷ்டம்போல் எழுது."

பேத்தி பரீட்சையில் என்ன எழுதினாள் என்று நாம் விசாரிக்கவில்லை. அவள் கேட்ட கேள்வி நியாயமானது. இரண்டு கட்சிக்கும் இடம் விட்டு எழுதியிருப்பாள் என்று நம்புகிறோம். நாம் ஊர் திரும்பிய பிறகு புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தோம். முன்பு நாம் அவசரமாகப் புரட்டித் தள்ளிய இடங்களிலே, முக்கியமாகப் பால்யப் பிராயத்து அத்தியாயங்களில், ஒரு வயோதிகர் தம்மைத் தாமே பார்த்துச் சிரிக்கும் குரல் நமக்குக் கேட்டது. அந்தக் குரல் முன்பு ஏன் கேட்கவில்லையென்று தெரியவில்லை. கதையில் என்ன நடக்கிறது என்று ஓடுகிறவர்களுக்கு, யார் சொல்கிறார் என்று நின்று கேட்க நேரமிருப்பதில்லை.

மறுநாள் சாயங்காலம் சிநேகிதர் நம்மை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார். நாசரேத் ஸ்டேஷன் சின்ன ஸ்டேஷன். ஜன சந்தடி அதிகமில்லை. வண்டி வர நேரமிருந்தது. பெஞ்சியில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் கட்சிக்காரர்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் சொன்னார்:

"அன்றைக்கு விருந்தில் எல்லாரும் சிரித்தார்கள் என்று அம்மா சொன்னாளே, நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அப்பா முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். அம்மாவுக்கு இது தெரியாது."

நாம் என்ன சொல்வதென்று தெரியாமல் பேசாமல் இருந்தோம். சற்று நேரம் கழித்து, "எழுதுவதாக இருந்தால் இதையும் எழுதுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம்" என்றார். அதற்குள் திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வண்டி வரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நம்முடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.